25,000 டாலரும் ஒரு டவுன் பஸ் டிக்கெட்டும்



போன வாரம் பீரோவை ஒழித்துச் சுத்தம் செய்தபோது பழைய பயணப்படி பட்டியல் ஒன்றின் நகல் கிடைத்தது. பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போய்வந்த செலவுக் கணக்கு. அது இரண்டு முறை திரும்பி வந்த பட்டியல். முதல் முறை, ஒரு டவுன் பஸ் டிக்கெட்டை இணைக்கவில்லை என்று. இரண்டாம் முறை, அந்த வரியை அடித்த நான் கூட்டுத்தொகையைத் திருத்த மறந்துவிட்டேன் என்று. சண்டைக்குரிய தொகை 1 ரூபாய் 75 காசு. அன்றைக்கு வந்த கோபம் இன்றைக்குச் சிரிப்பாகிவிட்டது. எழுத்தர் மீது தவறில்லை. அரசாங்கப் பணத்துக்கு அவர் காவல்.

அதே வாரத்தில் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி கேட்டிருந்தான்: "அமைச்சரின் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு மதிப்பு சார்! அவர் தனி விமானம் வாடகைக்குப் பிடித்துப் போனால் என்ன குடி முழுகிவிடும்?" கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டான். இன்று அவன் நல்ல பதவியில் இருக்கிறான். அதனால் இரண்டு வரியில் பதில் சொல்லித் தப்பிக்க மனம் வரவில்லை. கணக்கெல்லாம் வெளிச்சத்துக்கு வந்த ஒரு கதையைச் சொல்கிறேன். அமெரிக்கக் கதை.

டாம் பிரைஸ் ஜார்ஜியா மாநிலத்துக்காரர், எலும்பு அறுவை சிகிச்சை மருத்துவர். 2005 முதல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவை உறுப்பினர். அரசுச் செலவைக் குறைக்க வேண்டும் என்று விடாமல் பேசியவர்களில் ஒருவர். பின்னாளில் அந்த அவையின் பட்ஜெட் குழுவுக்கே தலைவரானார். 2009-இல் உயரதிகாரிகளும் உறுப்பினர்களும் பயன்படுத்த 8 ஜெட் விமானங்களை 55 கோடி டாலருக்கு வாங்கும் யோசனை எழுந்தபோது, தொலைக்காட்சியில் தோன்றி அதைக் கண்டித்தார். எதிர்ப்பு வலுத்து அந்த யோசனையும் கைவிடப்பட்டது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

2017 பிப்ரவரியில் அவர் டிரம்ப் அமைச்சரவையில் சுகாதாரம், மனித சேவைகள் துறையின் அமைச்சரானார். அங்கே அமைச்சரைச் 'செயலர்' என்பார்கள். நம் ஊர்ச் செயலாளரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அடுத்த மாதம் வந்த பட்ஜெட் முன்வரைவு, அவர் துறையின் கீழ் வரும் தேசிய சுகாதார ஆய்வு நிறுவனங்களுக்கு மட்டும் சுமார் 580 கோடி டாலரை வெட்டச் சொன்னது.

அந்த ஆண்டு மே மாதம் முதல் பிரைஸ் தனி விமானங்களில் பறக்கத் தொடங்கினார். பொலிட்டிகோ என்ற செய்தி நிறுவனத்தின் டான் டயமண்ட், ரச்சனா பிரதான் ஆகிய இரு நிருபர்களுக்கு இது காதில் விழுந்தது. மாதக்கணக்கில் அவருடைய பயணங்களைத் துருவினார்கள். வாஷிங்டனுக்கு அருகில் உள்ள டல்லஸ் விமான நிலையத்துக்கே போய்க் காத்திருந்து பார்த்தார்கள். (நம் பிள்ளைகள் சிலர் இந்தப் பெயரைக் கேட்டதும் டெக்சாஸ் என்பார்கள். அது வேறு டாலஸ்.) 2017 செப்டம்பர் 19 அன்று முதல் செய்தி வெளியானது.

அதில் எல்லோர் கண்ணிலும் பட்டது, செப்டம்பர் 15 அன்று நடந்த பிலடெல்பியா பயணம். டல்லஸிலிருந்து தூரம் 135 மைல், நம் கணக்கில் சுமார் 217 கிலோமீட்டர். மதுரையிலிருந்து கோயம்புத்தூர் போவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டரை மணி நேரத்தில் காரில் போய்விடலாம். ரயில் டிக்கெட் அப்போது 72 டாலரில் தொடங்கியது. ஏறக்குறைய அதே நேரத்தில் வழக்கமான பயணிகள் விமானமும் இருந்தது. இவர் பிடித்த தனி விமானத்துக்கு ஆகும் செலவு சுமார் 25,000 டாலர். அன்றைய மதிப்பில் 16 லட்சம் ரூபாய். போனது எதற்கு? போதை மருந்துக்கு அடிமையானவர்களுக்குச் சிகிச்சை தரும் ஒரு மையத்தைப் பார்வையிட. நல்ல காரியம்தான். அந்த 16 லட்சத்தை அந்த மையத்திலேயே கொடுத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. ஆசிரியர் புத்தி.

இன்னொரு பயணம் ஜூன் மாதம், நாஷ்வில் நகருக்கு. போக வர 17,760 டாலர். மருந்தகம் ஒன்றைப் பார்த்தார், ஒரு கூட்டத்தில் பேசினார். நடுவில் அந்த ஊரில் வசிக்கும் மகனோடு மதிய உணவு. அரசாங்க வேலை என்று எடுத்துக்கொண்டால் ஒன்றரை மணி நேரம்கூடத் தேறவில்லை. பிள்ளையைப் பார்க்கத் தகப்பன் ஆசைப்படுவதை நான் குறை சொல்ல மாட்டேன். நானும் முகாமுக்குப் போன ஊரில் தங்கை வீட்டில் சாப்பிட்டவன்தான். ஆனால் முகாமும் தங்கை வீடும் ஒரே ஊரில் அமைந்தால், போனது எதற்காக என்று தணிக்கைக்காரர் கேட்கத்தான் செய்வார்.

இத்தனை குறுகிய தூரத்துக்கு எப்படி இவ்வளவு செலவு என்று கேட்பீர்கள். விமான வாடகை நம் வேன் வாடகை மாதிரிதான். நீங்கள் ஏறும் இடத்துக்கு அது காலியாக வர வேண்டும், இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்ப வேண்டும். அந்த மணிக்கணக்கும் உங்கள் தலையில்தான். விமானி காத்திருந்தால் அதற்கும் பணம். உள்ளே ஒருவர் இருந்தாலும் எட்டுப் பேர் இருந்தாலும் வாடகை பெரிதாக மாறாது.

துறை தரப்பில் சமாதானமும் சொல்லப்பட்டது. புயல் காலம், அமைச்சருக்கு ஓயாத வேலை, பயணிகள் விமானத்தை நம்பினால் நிகழ்ச்சி தவறுகிறது என்றார்கள். அதில் உண்மையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒபாமா காலத்தில் அதே நாற்காலியில் இருந்த கேத்லீன் செபேலியஸ், சில்வியா பர்வெல் இருவரும் உள்நாட்டில் சாதாரணப் பயணிகள் விமானத்தில்தான் போய்வந்தார்கள். அவர்களுக்கும் ஒரு நாளைக்கு 24 மணி நேரம்தான்.

தனி விமானச் செலவு 4 லட்சம் டாலரைத் தாண்டியது தெரிந்தபின், செப்டம்பர் 28 அன்று பிரைஸ் ஒரு காசோலை தருவதாக அறிவித்தார். தொகை 51,887 டாலர் 31 சென்ட். அந்த 31 சென்ட் எனக்கு மிகவும் பிடித்திருந்தது! என்ன கணக்கு என்றால், தான் உட்கார்ந்த இருக்கைக்கு மட்டும் பணம். மொத்தத்தில் எட்டில் ஒரு பங்கு. கல்யாணத்துக்கு வேன் பிடித்துவிட்டு, நான் உட்கார்ந்த சீட்டுக்கு மட்டும் தருகிறேன் என்றால் வேன்காரர் விடுவாரா? அமைச்சர் ரயிலில் போயிருந்தால் உடன் போன அலுவலர்களும் ரயிலில்தானே போயிருப்பார்கள்! மறுநாள் அவர் பதவி விலகினார். வெளிநாடு போக ராணுவ விமானங்களுக்கு ஆன 5 லட்சம் டாலருக்கு மேற்பட்ட செலவு தனி. அதற்கு வெள்ளை மாளிகை அனுமதி தந்திருந்தது.

இந்த நோய் ஒரு கட்சிக்கோ ஒரு நாட்டுக்கோ உரியதில்லை. 1991-இல் மூத்த புஷ்ஷின் தலைமை அலுவலர் ஜான் சுனுனு. ராணுவ ஜெட்டில் 70-க்கும் மேற்பட்ட பயணங்கள், 5 லட்சம் டாலருக்கு மேல் செலவு. பாஸ்டனில் பல் மருத்துவரைப் பார்க்கப் போனதும் அதில் அடக்கம். எப்போதும் வெள்ளை மாளிகையோடு தொடர்பில் இருக்க வேண்டிய பதவி, அதனால் ராணுவ விமானம் என்று விதி இருந்தது. விதி சரி, பல்வலி? விமானத்துக்குக் கட்டுப்பாடு வந்தபின், அரபுக் கதையில் வருவது போல ஒன்று செய்தார். அரசுக் காரில் நியூயார்க் போய், அபூர்வத் தபால்தலை ஏலத்தில் கலந்துகொண்டார். காரைக் காலியாகத் திருப்பி அனுப்பிவிட்டு, ஒரு தனியார் நிறுவனத்தின் ஜெட்டில் ஊர் திரும்பினார். அந்த டிசம்பரில் பதவி போனது. அது ஒன்றுதான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் கெட்ட பெயர் அங்கேதான் தொடங்கியது.

பிரான்சில் 2010. ஹைட்டி நிலநடுக்கத்தில் லட்சக்கணக்கானோர் இறந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை அல்லது அப்போதுதான் ஆகியிருந்தது. அந்த நாட்டை மீண்டும் கட்டியெழுப்புவது பற்றிய மாநாட்டுக்காக அலென் ஜுவாயந்தே என்ற இணை அமைச்சர் மார்த்தினீக் தீவுக்குப் போனார். தனி விமான வாடகை 1,16,500 யூரோ. ஏழைக்கு உதவுவது பற்றிப் பேசப் போன செலவு! ஜூலையில் பதவி விலகினார்.

ஆனால் எனக்கு மறக்க முடியாதது 2017 டிசம்பர் சம்பவம். பிரதமர் எதுவார் பிலிப்பும் அவரது குழுவினரும் நியூ கலிடோனியாவிலிருந்து திரும்புகிறார்கள். பயணத்தில் அவர்களோடு விமானப்படையின் ஏ340 விமானம் இருக்கிறது. டோக்கியோவில் அதைவிட வசதியான இன்னொரு வாடகை விமானத்துக்கு மாறுகிறார்கள். வாடகை 3,50,000 யூரோ. பாரிசில் அவர்கள் இறங்கி இரண்டு மணி நேரம் கழித்து, விமானப்படை விமானமும் ஏறக்குறைய காலியாக வந்து இறங்குகிறது. குடியரசுத் தலைவர் அன்று காலை அல்ஜீரியா புறப்படுகிறார், அவர் இல்லாதபோது பிரதமர் நாட்டில் இருந்தாக வேண்டும் என்று காரணம் சொன்னார். பதவிக்கு ஒன்றும் ஆகவில்லை.

பிரைஸ் கதைக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. அவர் போய் ஒன்பது மாதம் கழித்து, 2018 ஜூலையில் அந்தத் துறையின் தலைமைத் தணிக்கையாளர் அறிக்கை வந்தது. 21 பயணங்களை ஆராய்ந்தார்கள். மொத்தம் சுமார் 12 லட்சம் டாலர். 20 பயணங்களில் விதி மீறல். குறைந்தது 3,41,000 டாலர் வீண். கவனியுங்கள், அவர் பதவி விலகிவிட்டார், காசோலையும் கொடுப்பதாகச் சொல்லிவிட்டார். ஊர் மறந்துவிட்டது. அதன் பிறகும் யாரோ ஓர் அலுவலர் உட்கார்ந்து ஒவ்வொரு பயணத்துக்கும் எந்த விலைப்புள்ளி வாங்கினார்கள், மலிவான வழி இருந்ததா, கையெழுத்துப் போட்டது யார் என்று பார்த்திருக்கிறார்.

தம்பி, உன் கேள்விக்கு வருகிறேன். அமைச்சரின் நேரம் மதிப்புள்ளதுதான். வெள்ளம், நிலநடுக்கம், வேறு வழியே இல்லாத ஊர் என்றால் ஹெலிகாப்டரிலும் போகட்டும், நான் கைதட்டுவேன். அமெரிக்க விதியும் அதற்கு இடம் தருகிறது. வேறு பயணிகள் விமானம் இல்லையா, இது மலிவா என்று முதலில் எழுதிக் காட்டு என்கிறது, அவ்வளவுதான். பிலடெல்பியாவுக்கு ரயில் ஓடிக்கொண்டிருந்தது. நாளைக்கு உன் மேசைக்கும் இப்படி ஒரு கோப்பு வரும். மேலே இருப்பவர் அவசரம் என்பார். வேறு வழி உண்டா என்ற அந்த ஒரு கேள்வியை நீ கோப்பில் எழுதுவாயா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

பேத்தி அந்தப் பயணப்படி பட்டியலைப் படம் எடுத்துக் கீழே போட்டிருக்கிறாள். சிவப்பு மையில் 'டிக்கெட் எங்கே?' என்று எழுதியிருப்பது எழுத்தர். பக்கத்தில் பென்சிலால் முணுமுணுத்திருப்பது நான்.