வாங்கும் உரிமை (ஐக்கிய இராச்சியம்)

வாங்கும் உரிமை என்பது, ஐக்கிய இராச்சியத்தில் உள்ளூராட்சி மன்றத்துக்குச் சொந்தமான வீட்டில் வாடகைக்குக் குடியிருப்பவர், அதே வீட்டைச் சந்தை விலையிலும் குறைந்த விலைக்கு வாங்குவதற்குச் சட்டம் அளித்த உரிமை ஆகும். இவ்வீடுகள் பேச்சு வழக்கில் கவுன்சில் வீடுகள் எனப்படுகின்றன. இங்கிலாந்திலும் வேல்சிலும் இவ்வுரிமை 1980 ஆம் ஆண்டு அக்டோபர் 3 ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் பின்னர் இங்கிலாந்தில் மட்டும் ஏறத்தாழ 20 இலட்சம் வீடுகள் இம்முறையில் விற்கப்பட்டுள்ளன. ஸ்காட்லாந்தும் வேல்சும் இவ்வுரிமையைப் பின்னர் நீக்கிவிட்டன. இங்கிலாந்தில் இது குறைக்கப்பட்ட தள்ளுபடியுடன் தொடர்கிறது.

பின்னணி

முதலாம் உலகப் போருக்குப் பின் இயற்றப்பட்ட 1919 ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டம், அரசு மானியத்துடன் உள்ளூராட்சி மன்றங்கள் பெருமளவில் வீடு கட்டுவதற்கு வழிசெய்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இப்பணி மேலும் விரிவடைந்தது. 1970களின் இறுதியில் பிரித்தானியக் குடும்பங்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கவுன்சில் வீடுகளில் வாழ்ந்தது.

1980 இற்கு முன்னரும் சில மன்றங்கள் தம் வீடுகளை அவற்றில் குடியிருந்தவர்களுக்கு விற்றன. பர்மிங்காம் நகர மன்றம் 1960களின் பிற்பகுதியில் இவ்வாறு விற்றது. ஆனால் விற்பதும் விற்காதிருப்பதும் மன்றத்தின் விருப்பமாகவே இருந்தது. குடியிருப்பவருக்கு வாங்கும் வாய்ப்பளிக்கும் கருத்து ஒரு கட்சிக்கு மட்டும் உரியதன்று. தொழிற்கட்சி 1959 ஆம் ஆண்டுத் தேர்தல் அறிக்கையிலேயே இதனை முன்வைத்தது. எனினும் அதனைச் சட்டமாக்கியது, 1979 இல் ஆட்சிக்கு வந்த மார்கரெட் தாட்சரின் பழமைவாதக் கட்சி அரசாகும்.

1980 ஆம் ஆண்டுச் சட்டம்

சுற்றுச்சூழல் துறை அமைச்சராக இருந்த மைக்கேல் ஹெசல்டைனின் பொறுப்பில் 1980 ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. ஸ்காட்லாந்துக்கு அதே ஆண்டில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. மன்றத்தின் விருப்பமாக இருந்த விற்பனையை இச்சட்டம் வாடகையாளரின் உரிமையாக மாற்றியது.

மூன்று ஆண்டுகள் குடியிருந்தவருக்குச் சந்தை விலையில் 33 விழுக்காடு தள்ளுபடி கிடைத்தது. கூடுதலான ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு விழுக்காடு சேர்ந்து, 20 ஆண்டுகளில் அது 50 விழுக்காடு ஆனது. வாங்குவதற்கான கடனை மன்றத்திடமிருந்தே பெறும் உரிமையையும் இச்சட்டம் அளித்தது. 1984 இல் தகுதிக்காலம் இரண்டு ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது. உச்சத் தள்ளுபடி 60 விழுக்காடாக உயர்ந்தது. 1986 ஆம் ஆண்டுச் சட்டம் அடுக்குமாடி வீடுகளுக்கு 70 விழுக்காடு வரை தள்ளுபடி வழங்கியது.

சில மன்றங்கள் விற்பனையை விரும்பவில்லை. நோரிச் நகர மன்றத்தில் விண்ணப்பங்கள் மிக மெதுவாகக் கையாளப்பட்டதால், விற்பனைப் பொறுப்பை அமைச்சர் தாமே ஏற்றார். மன்றம் இதனை எதிர்த்து வழக்குத் தொடர்ந்தது. டென்னிங் பிரபு தலைமையிலான மேன்முறையீட்டு நீதிமன்றம் 1982 இல் அமைச்சரின் நடவடிக்கை செல்லும் எனத் தீர்ப்பளித்தது.

இங்கிலாந்தில் தகுதியும் நடைமுறையும்

விண்ணப்பிப்பவர் உறுதிபெற்ற வாடகையாளராக இருத்தல் வேண்டும். 2015 முதல் தகுதிக்காலம் மூன்று ஆண்டுகள் ஆகும். இது ஒரே வீட்டில் கழிந்த காலமாகவோ தொடர்ச்சியான காலமாகவோ இருக்கவேண்டியதில்லை. தம்முடன் 12 மாதங்கள் வாழ்ந்த குடும்பத்தினர் மூவர் வரை கூட்டு விண்ணப்பத்தில் சேர்த்துக்கொள்ளலாம். முதியோருக்கென அமைந்த வீடுகள் போன்ற சில வகை வீடுகளுக்கு இவ்வுரிமை இல்லை.

நடைமுறையின் படிகள் வருமாறு:

1. வாடகையாளர் உரிய படிவத்தை நிரப்பி மன்றத்திடம் அளிப்பார்.
2. உரிமை உண்டா இல்லையா என்பதை மன்றம் பொதுவாக நான்கு வாரங்களுக்குள் அறிவிக்க வேண்டும்.
3. உரிமை உண்டெனில், விலை, தள்ளுபடி, கட்டடத்தில் அறியப்பட்ட குறைபாடுகள் ஆகியவற்றைக் கூறும் விற்பனை அறிவித்தலை அனுப்ப வேண்டும். தனி வீட்டுக்கு இதற்கான காலம் 8 வாரங்கள். குத்தகை முறையில் விற்கப்படும் அடுக்குமாடி வீட்டுக்கு 12 வாரங்கள்.
4. மதிப்பீடு மிகையானது எனக் கருதினால், வாடகையாளர் மூன்று மாதங்களுக்குள் மாவட்ட மதிப்பீட்டாளரின் முடிவைக் கோரலாம்.

தள்ளுபடிக் கணக்கீடு

தனி வீட்டுக்கு முதல் ஐந்து ஆண்டுகள் வரை 35 விழுக்காடும், அதன் பின் ஆண்டுக்கு ஒரு விழுக்காடும் தள்ளுபடி உண்டு. அடுக்குமாடி வீட்டுக்கு இது 50 விழுக்காட்டில் தொடங்கி, ஐந்து ஆண்டுகளுக்குப் பின் ஆண்டுக்கு இரண்டு விழுக்காடு உயரும். உச்ச அளவு இரண்டுக்கும் 70 விழுக்காடு. ஆயினும் பண அடிப்படையிலான உச்சவரம்பே பெரும்பாலும் விலையைத் தீர்மானிக்கிறது. 2012 இல் 75,000 பவுண்டாக உயர்த்தப்பட்ட இவ்வரம்பு, 2024 நவம்பர் 21 முதல் வட்டாரத்தைப் பொறுத்து 16,000 முதல் 38,000 பவுண்டு வரை எனக் குறைக்கப்பட்டது.

எடுத்துக்காட்டாக, வடகிழக்கு இங்கிலாந்தில் 1,20,000 பவுண்டு மதிப்புள்ள வீட்டில் பத்து ஆண்டுகள் குடியிருந்தவருக்கு 40 விழுக்காட்டின்படி 48,000 பவுண்டு தள்ளுபடி சேரும். பழைய வரம்பின் கீழ் அவர் 72,000 பவுண்டு செலுத்தி வீட்டைப் பெற்றிருப்பார். புதிய வரம்பு அங்கு 22,000 பவுண்டு என்பதால் 98,000 பவுண்டு செலுத்த வேண்டும்.

வாங்கியவரின் கடப்பாடுகள்

வாங்கிய ஐந்து ஆண்டுகளுக்குள் வீட்டை விற்றால் தள்ளுபடியைத் திருப்பிச் செலுத்த வேண்டும். முதலாம் ஆண்டில் முழுவதும், இரண்டாம் ஆண்டில் 80 விழுக்காடும், பின்னர் 60, 40, 20 விழுக்காடு என இது குறைந்துசெல்லும். மறுவிற்பனையின்போது வீட்டின் விலை ஏறியிருப்பின், திருப்பிச் செலுத்தும் தொகையும் அதற்கேற்ப உயரும். பத்து ஆண்டுகளுக்குள் விற்பதாயின், முதலில் முந்தைய உரிமையாளரான மன்றத்திடமே வாங்குமாறு கேட்க வேண்டும்.

அடுக்குமாடி வீட்டை வாங்குபவர் நிலத்தின் உரிமையாளர் ஆவதில்லை. வழமையாக 125 ஆண்டுக் குத்தகையே பெறுகிறார். கூரை, மின்தூக்கி, வெளிச்சுவர் ஆகியவற்றைப் பழுதுபார்க்கும் செலவில் தம் பங்கை அவர் மன்றத்துக்குச் செலுத்த வேண்டும். முதல் ஐந்து ஆண்டுகளில் இத்தொகை, பணவீக்கத்துக்கான ஏற்றம் தவிர, விற்பனை அறிவித்தலில் கூறிய மதிப்பீட்டை மிஞ்ச இயலாது. அதன் பின் அந்தப் பாதுகாப்பு இல்லை. வாடகையாளராக இருந்தபோது மன்றத்தின் பொறுப்பாக இருந்த பெரும் பழுதுகளின் சுமை, இவ்வாறு வாங்கியவர் மீதும் விழுகிறது.

விளைவுகள்

வீடு வாங்கும் வசதி அற்றிருந்த பல தொழிலாளர் குடும்பங்கள் இதன் மூலம் சொத்துரிமை பெற்றன. பிள்ளைகளுக்கு விட்டுச்செல்ல ஒரு வீடு அவற்றுக்குக் கிடைத்தது. 1982-83 இல் இங்கிலாந்தில் மட்டும் 1,60,000 இற்கும் மேற்பட்ட வீடுகள் விற்கப்பட்டன.

மறுபுறம், விற்கப்பட்ட அளவுக்குப் புதிய வீடுகள் கட்டப்படவில்லை. விற்பனைப் பணத்தை மன்றங்கள் செலவிடுவதற்கு அரசு வரம்பு விதித்தது இதற்கு ஒரு காரணம் ஆகும். 1989 ஆம் ஆண்டுச் சட்டம் அப்பணத்தின் 75 விழுக்காட்டைக் கடன் தீர்ப்பதற்கென ஒதுக்கக் கட்டாயப்படுத்தியது. தோட்டத்துடன் கூடிய நல்ல வீடுகள் முதலில் விற்றுப்போக, அடுக்குமாடி வீடுகளே மன்றங்களிடம் மிகுதியாக எஞ்சின. கூடுதலாக விற்கப்படும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு புதிய வீடு கட்டப்படும் என 2012 இல் அளிக்கப்பட்ட உறுதியும் முழுமையாக நிறைவேறவில்லை.

விற்கப்பட்ட வீடுகளுள் பல, தனியார் வாடகைச் சந்தையைச் சென்றடைந்தன. இங்கிலாந்தில் இவ்வாறு விற்கப்பட்ட குத்தகை வீடுகளில் ஏறத்தாழ 40 விழுக்காடு தனியாரால் வாடகைக்கு விடப்படுவதாக 'இன்சைடு ஹவுசிங்' இதழ் 2017 இல் கண்டறிந்தது. அவற்றின் வாடகை கவுன்சில் வாடகையிலும் அதிகமாக இருப்பதால், குறைந்த வருமானம் உடையோருக்கு வழங்கப்படும் அரசின் வாடகை உதவிச் செலவும் கூடுகிறது என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். வாங்கியவர்கள் எவ்வாறாயினும் அதே வீடுகளில் தொடர்ந்து வாழ்ந்திருப்பர் என்பதால், விற்பனையால் உடனடியாக எந்த வீடும் இழக்கப்படவில்லை என ஆதரவாளர்கள் கூறுகின்றனர். அடுத்த தலைமுறையின் காத்திருப்போர் பட்டியலுக்கு அவ்வீடு திரும்புவதில்லை என்பதே இவ்விவாதத்தின் மையம் ஆகும்.

நீக்கமும் மாற்றங்களும்

ஸ்காட்லாந்தில் இவ்வுரிமை 2016 ஆகஸ்டு 1 இலும், வேல்சில் 2019 சனவரி 26 இலும் முடிவுக்கு வந்தது. எஞ்சியுள்ள சமூக வீடுகளைப் பாதுகாத்தல் இரு நாடுகளும் கூறிய காரணமாகும். தகுதிக்காலத்தைப் பத்து ஆண்டுகளாக உயர்த்தவும், புதிதாகக் கட்டப்படும் சமூக வீடுகளுக்கு 35 ஆண்டுகள் விலக்களிக்கவும் உள்ளதாக ஐக்கிய இராச்சிய அரசு 2025 இல் இங்கிலாந்துக்கென அறிவித்தது.

இவற்றையும் பார்க்க

- சமூக வீடமைப்பு
- மார்கரெட் தாட்சர்
- குத்தகை