நீரைத் தூக்கும் காற்று



படகில் பம்பு ஓடும் ஓசை கேட்கிறது. குடிநீர்க் குழாயைத் திறந்தால் ஒரு சொட்டும் வரவில்லை. சுற்றிலும் உப்புக் கடல். உடனே பம்பைக் கழற்றலாமா? வேண்டாம். இதற்குரிய விடை 17-ஆம் நூற்றாண்டு இத்தாலியில் கிடைத்தது.

அக்காலத்து உறிஞ்சு பம்புகள் எவ்வளவு செம்மையாக இருந்தாலும், ஏறக்குறைய 10 மீட்டருக்கு மேல் நீரை ஏற்றவில்லை. கலிலியோ 1638-இல் வெளியிட்ட நூலில் இதைக் குறிப்பிட்டார். தொங்கும் கயிறு தன் பாரத்தாலேயே அறுவதுபோல, உயர்ந்த நீர்த்தம்பமும் அறுந்துவிடுகிறது என்று கருதினார்.

அவருடைய இறுதி மாதங்களில் உடனிருந்த தோரிசெல்லி வேறு காரணம் கண்டார். பம்பு நீரை இழுப்பதில்லை. குழாயிலுள்ள காற்றைத்தான் அகற்றுகிறது. வெளியிலுள்ள காற்றே நீரை அழுத்தி மேலே தள்ளுகிறது! 1643-இல் நடந்த சோதனையில் பாதரசம் கண்ணாடிக் குழாயில் சுமார் 76 சென்டிமீட்டர் உயரம் நின்றது. பாதரசம் நீரைப்போல் 13.6 மடங்கு கனமானது. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள். அதே 10 மீட்டர் கணக்கு வரும்.

1648-இல் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கலின் வேண்டுகோளின்படி, அவருடைய மைத்துனர் பெரியே பாதரசக் குழாயுடன் புய் தெ தோம் மலையில் ஏறினார். அடிவாரத்தைவிட உச்சியில் பாதரசம் தாழ்ந்து நின்றது. மேலே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறைவது உறுதியாயிற்று.

இனிப் படகுக்கு வருவோம். தொட்டிக்கும் பம்புக்கும் இடையே உயரம் சிறிதே. தொட்டியில் நீர் இருந்து, அடைப்பானும் திறந்திருந்தால், அடுத்துக் காற்றின் வழியை ஆராய வேண்டும். தொட்டியின் காற்றுத்துளை அடைபட்டால் நீரை அழுத்த வெளிக்காற்று உள்ளே வராது. தொட்டியிலிருந்து பம்புக்கு வரும் குழாயில் ஓர் இணைப்போ, வடிகட்டியின் மூடியோ தளர்ந்திருந்தால், நீருக்குப் பதில் காற்று புகுந்துவிடும். அங்கே நீர் வெளியே கசியாது. காற்றுதான் உள்ளே போகும். ஆகவே கண்ணுக்குத் தெரிவதில்லை. பம்புக்கு அப்பாலுள்ள குழாயில் மட்டுமே கசிவு ஈரமாகத் தெரியும்.

ஐயம் தீர எளிய வழி உண்டு. ஒரு வாளி நன்னீரில் சிறு குழாயை அமிழ்த்தி, மறுமுனையைப் பம்பின் நுழைவாயிலில் இறுக்கிப் பொருத்துங்கள். நீர் ஏறினால் பம்பு நலமாயிருக்கிறது. குறை பழைய குழாய் வழியில்தான். ஏறாவிட்டால் பம்பைப் பிரிக்கலாம்.

காரணம் அறிந்தவன் கை வீணாக அலையாது.