உமா ஓயா

இலங்கையின் ஊவா மாகாணத்தில் பாயும் ஆறு, மகாவலியின் கிளையாறு. நுவரெலியா மலைகளின் கிழக்குச் சரிவில் பிறந்து, வெலிமடை மேட்டுநிலம் வழியாக இறங்கி மகாவலியில் கலக்கிறது.

இங்கே பெருமழையைத் தருவது வடகீழ்ப் பருவக்காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை வறண்ட காற்று வீசும். ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் தரும் அதே காற்று வயலைக் காயவைக்கும். ஆகவே சிங்களக் கிராமங்கள் ஓடைகளை மறித்து, மலையோரமாக வாய்க்கால் வெட்டிப் படிவயல்களுக்கு நீர் பாய்ச்சின. 1817–18 ஊவாக் கிளர்ச்சியை ஒடுக்கிய ஆங்கிலேயப் படை வயல்களையும் பாசன அமைப்புகளையும் அழித்தது. அந்தச் சேதம் தலைமுறைகளுக்கு நீடித்தது.

பின்னர் காப்பியும் தேயிலையும் மேற்சரிவுகளைப் பிடித்தன. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் லயன்கள் எனும் வரிசை வீடுகளில் குடியேறினர். வயல் அவர்களுக்கு இல்லை. ஊற்றுநீரைக் கொண்டுவரும் பீலியே குடிநீரும் குளியலும். ஊவாவின் குடியேற்ற வரலாற்றை எழுதுவோர் பீலிக்கரையை விட்டுவிடுவது பெருங்குறை.

ஈரானிய உதவியுடன் கட்டப்பட்ட உமா ஓயாப் பல்நோக்குத் திட்டம், புகுல்பொல, டயரபா அணைகளின் நீரை 15 கிலோமீட்டருக்கு மேற்பட்ட சுரங்கத்தால் கிரிந்தி ஓயாப் படுகைக்குத் திருப்புகிறது. மின்திறன் 120 மெகாவாட். சுரங்கம் தோண்டியபோது நிலத்தடி நீர் கசிந்ததால் பண்டாரவளைப் பகுதிக் கிணறுகள் வற்றின, வீடுகளில் வெடிப்புகள் விழுந்தன. திட்டம் 2024 ஏப்ரல் 24 அன்று திறக்கப்பட்டது.