தனுஷ்கோடிக்கு ரெண்டு பேர்: கடற்கரைச் சாலையும் கடலுக்குப் போன சாலைகளும்

இந்த எபிசோட் ஒரு கூகுள் ஷீட்டில் ஆரம்பித்தது.

குடியரசு தினத்தை ஒட்டி அஞ்சு நாள் லீவு சேர்த்து வச்சிருந்தேன். நானும் அம்மாவும் மட்டும், கார்ல, சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரைக்கும் முடிந்தவரை கடலை ஒட்டியே போகலாம் என்று முடிவு. நான் ஓட்டுவேன், அம்மா பக்கத்து சீட். சாஃப்ட்வேர் புத்தி சும்மா இருக்குமா? ஷீட் திறந்து வரிசையாகத் தலைப்பு போட்டேன்: ஊர், தூரம், தங்குற இடம், "வியூ எப்படி".

அம்மா பின்னாடி நின்னு பாத்துட்டுக் கேட்டாங்க: "வியூ கெடக்கட்டும்டி. உங்க தாத்தா கப்பல் ஏறுன எடம் இதுல எங்க வருது?"

தாத்தா ராமநாதபுரம் பக்கத்துக்காரர். கொழும்பில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதியவர். 1964 தீபாவளிக்கு ஊருக்கு வந்தார். பொங்கல் முடிச்சுட்டுத் திரும்பிப் போறதா ஏற்பாடு. நடுவில் டிசம்பர் புயல் வந்தது. அதுக்கப்புறம் அவர் கொழும்பையும் பார்க்கலை, தனுஷ்கோடியையும் பார்க்கலை. ஊரிலேயே சின்னதா ஒரு கடை வச்சு உட்கார்ந்துட்டார். அம்மா பிறந்தது அதற்குப் பிறகு. அம்மாவுக்குத் தெரிந்த தனுஷ்கோடி முழுக்க தாத்தா வாயால் கேட்டது.

அந்த ஒரு கேள்விக்காகப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஷீட்டே மாறிப்போச்சு. அதைத்தான் இன்னைக்குச் சொல்லப் போறேன்.

சாலைக்கு என் வயசு

சோழமண்டலக் கரையில் இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கப்பல் வந்துபோகிறது. ஆனால் நாம் "ஈ.சி.ஆர்." என்று சொல்லும் சாலைக்கு என் வயதுதான் இருக்கும். மீனவர் ஊர்களுக்குப் போன சின்னச் சின்ன ரோடுகளை 1990களில் கோர்த்து, அகலப்படுத்தி, சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நடுவே ஒரே சாலையாக்கினார்கள். 2002இல் சுங்கச்சாவடி வந்தது.

அவ்வளவு பழைய கரையில் இவ்வளவு புதிய சாலை ஏன்? வரைபடத்தைப் பெரிதாக்கிப் பாருங்க, பதில் கிடைக்கும். பாலாறு, தென்பெண்ணை, கொள்ளிடம், காவிரியின் கிளைகள் எல்லாம் இந்தக் கரையில்தான் கடலில் சேர்கின்றன. ஒவ்வொரு முகத்துவாரத்திலும் கழிமுகம், சேறு, உப்பங்கழி. கரையை ஒட்டிப் போகணும்னா எல்லாவற்றையும் அகலமான இடத்தில் கடக்கணும். அதனால் பெருவழிகள் உள்ளே தள்ளியே போயின. இன்றைக்கும் கடலூர் தாண்டியதும் நம் சாலை பிச்சாவரம் சதுப்பையும் கொள்ளிட முகத்துவாரத்தையும் விட்டு விலகி, சிதம்பரம், சீர்காழி என்று உள்ளே போய்த்தான் திரும்பக் கடலைத் தொடுகிறது.

கரையோரமாகச் சரக்கு போக வேண்டும் என்றால் அதற்கு வழி தண்ணீர்தான். 1806இல் சென்னையிலிருந்து எண்ணூருக்குத் தனியார் ஒருவர் வெட்டத் தொடங்கிய கால்வாய், வடக்கே ஆந்திரக் கரை வரைக்கும் தெற்கே மரக்காணம் வரைக்கும் நீண்டது. சென்னைக்குள் கூவத்தையும் அடையாறையும் இணைத்த துண்டு 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் வெட்டப்பட்டது. பசியோடு வந்தவர்களுக்குக் கூலி கொடுத்து வெட்ட வைத்தார்கள். அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகன், அதனால் பக்கிங்காம் கால்வாய். உப்பும் விறகும் படகில் வந்த வழி அது. 1965, 1966 புயல்களில் சிதைந்து, பிறகு மெல்ல மெல்லச் சாக்கடையானது. ஈ.சி.ஆர். ஓட்டும்போது மேற்கே அங்கங்கே தெரியும் அந்தக் கலங்கல் தண்ணீர்தான் நம் சாலைக்கு மூத்தது.

குறுக்கே போன கோடுகள்

மேப்பில் நம்ம நீலக்கோடு வடக்கிலிருந்து தெற்காக, கரைக்கு இணையாகப் போகுது. ஆனால் இந்த ஊர்களை உண்டாக்கிய பாதைகள் மேற்கிலிருந்து கிழக்காகப் போனவை. உள்நாட்டில் நெய்தது, விளைந்தது எல்லாம் கரைக்கு வந்து, அங்கிருந்து கடலுக்குள் போனது. நமக்குக் கரை ஓரம். அவங்களுக்கு அது வாசல்.

முதல் நிறுத்தம் சதுரங்கப்பட்டினம். கல்பாக்கம் அணுமின் நிலையத்தை ஒட்டி இருக்கு. டச்சுக்காரர்கள் அங்கே கோட்டை கட்டியது சுற்றுவட்டாரத்தில் நெய்த மெல்லிய துணிக்காக. கோட்டைக்குள் இருக்கும் கல்லறைப் பலகைகளில் செதுக்கு வேலை பிரமாதம். பெரும்பாலான கார்கள் மாமல்லபுரத்தோடு திரும்பிவிடுவதால் கூட்டம் குறைவு.

அடுத்து தரங்கம்பாடி. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் டென்மார்க்காரர்களுக்கு இடம் கொடுத்தார். அவர் டென்மார்க் அரசருக்குத் தங்கத்தகட்டில் ஓலை வடிவில் எழுதிய கடிதம் இன்னும் கோபன்ஹேகனில் இருக்கு. 1706இல் அங்கே வந்திறங்கிய சீகன்பால்க் தமிழ் கற்று, அச்சுக்கூடம் வைத்து, 1714–15இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். 1845இல் டென்மார்க் ஊரை ஆங்கிலேயர்களுக்கு விற்றுவிட்டது. டான்ஸ்போர்க் கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. மேலே ஏறி நின்றால் நாம் வந்த ரோடு முதுகுக்குப் பின்னால் இருக்கும். பக்கத்தில் பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயில் இருக்கு. அதன் முன்பகுதியைக் கடல் எடுத்துக்கொண்டது.

நாகப்பட்டினத்தில் ராத்திரி தங்கல். முதலாம் ராஜராஜன் காலத்தில் கடல் கடந்த ஸ்ரீவிஜய அரசர் இங்கே சூடாமணி விகாரம் எழுப்பினார். அதற்கு ஆனைமங்கலம் ஊரின் வருவாயைச் சோழ அரசு விட்டுக்கொடுத்தது. அயல்நாட்டு பௌத்தப் பள்ளிக்கு ஒரு சைவ அரசன் நிலவருவாய் கொடுத்த ஊர் இது. இதே ஊர்ப் பக்கத்தில்தான் 2004 டிசம்பர் 26 காலையில், இந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த வரியை ஷீட்டில் எழுதின பிறகு, அதே வரிசையில் "வியூ எப்படி" கட்டத்துக்கு ஸ்டார் போட எனக்குக் கை வரலை. அந்தத் தலைப்பையே அழிச்சுட்டேன்.

வேதாரண்யம் வந்தால் அதே குறுக்குக்கோடு மறுபடி. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி திருச்சியிலிருந்து ஏறக்குறைய நூறு தொண்டர்களோடு நடந்து, தஞ்சாவூர், கும்பகோணம் வழியாக 28ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்தார். அவர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று கலெக்டர் மிரட்டினார். ஊர்க்காரர்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டார்கள். யார் வைத்தது என்று யாரைப் பிடிப்பது? இரண்டு நாள் கழித்து அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளினார்கள்.

அங்கிருந்து ராமேஸ்வரம் 250 கி.மீ.க்கு மேல். முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் தாண்டி மல்லிப்பட்டினம் பக்கம் மனோரா கோபுரத்தில் கால் நீட்டிக்கலாம். நெப்போலியனை ஆங்கிலேயர்கள் வென்றதற்காக இரண்டாம் சரபோஜி 1814–15இல் கட்டியது. தோற்றவர் ஐரோப்பாவில், நினைவுச்சின்னம் தஞ்சாவூர்ச் சீமையில். அதுக்கப்புறம் தொண்டி, தேவிபட்டினம். சாப்பாட்டுக் கடை அதிகம் இல்லை, கையில் கட்டுச்சோறு வச்சுக்கோங்க.

பாதி வழி

இப்போ அம்மாவின் கேள்விக்கு வருவோம்.

1914இல் பாம்பன் ரயில் பாலம் திறந்தது. எழும்பூரில் போட் மெயில் ஏறினால் தனுஷ்கோடி. அங்கே இறங்கி நீராவிக் கப்பல், சுமார் 30 கி.மீ. கடல், தலைமன்னார். அங்கிருந்து மறுபடி ரயில், கொழும்பு. எழும்பூரிலேயே கொழும்புக்கு ஒரே டிக்கெட் எடுக்கலாம். தனுஷ்கோடியில் சுங்க அலுவலகம், தபால் நிலையம், பள்ளிக்கூடம் எல்லாம் இருந்தன. தாத்தா மாதிரி கடைச் சிப்பந்திகள், வியாபாரிகள், தோட்டத்துக்குப் போன கூலிகள் எனப் பல ஆயிரம் பேர் அந்த வழியாகத்தான் போனார்கள்.

1964 டிசம்பர் 22 நள்ளிரவு. பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடியை நெருங்கும்போது அலையில் போனது. அதில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள். விடிந்தபோது ஊர் இல்லை. பாம்பன் பாலத்தை இரண்டு மாதத்துக்குள் சரிசெய்துவிட்டார்கள். ஆனால் தனுஷ்கோடி குடியிருக்கத் தகுதியில்லாத இடம் என்று அரசு அறிவித்தது. பின்னர் ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடியது. 1980களில் இலங்கையில் போர் மூண்டதும் அதுவும் நின்றது.

பாம்பனுக்குச் சாலைப் பாலம் வந்ததே 1988இல்தான். தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனை வரைக்கும் தார்ச்சாலை 2017இல் திறந்தது. அதுவரைக்கும் மணலில் ஜீப், வேன்தான். இப்போ இரண்டு பக்கமும் கடல், நடுவில் கத்தி மாதிரி ரோடு. ரீல்ஸில் பார்த்திருப்பீங்க. எல்லாரும் அதை "சாலை முடியும் இடம்" என்றுதான் சொல்றாங்க. என் ஷீட்டிலும் கடைசி வரி அதுதான்.

தாத்தாவுக்கு அது பயணத்தில் பாதி. இதை அம்மாகிட்ட சொன்னப்ப கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. அப்புறம், "அதான் அவரு திரும்பிப் பாக்கப் போகலபோல. பாதியில நின்னுட்டு என்னத்தப் பாக்குறது?" என்றார்கள்.

இப்போ ஷீட்டில் "வியூ" இருந்த இடத்தில் "இங்கேருந்து எங்கே போனாங்க" என்று ஒரு தலைப்பு. அதில் நாகப்பட்டினத்துக்கு மட்டும் நிகழ்காலத்தில் ஒரு பதில் எழுதியிருக்கேன்: காங்கேசன்துறை. 2023 அக்டோபரில் அங்கிருந்து யாழ்ப்பாணக் கரைக்குப் பயணிகள் கப்பல் தொடங்கியது. அம்மா அந்தக் கட்டத்தை ரெண்டு தடவை படிச்சாங்க. பாஸ்போர்ட் எடுக்க எவ்வளவு ஆகும்னு நேத்து கேட்டாங்க.

நீங்களும் கிளம்புறதா இருந்தா ரெண்டு விஷயம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டாம், வடகிழக்குப் பருவமழைக் காலம், புயலும் அப்போதான். அரிச்சல்முனைக்குக் காலையிலேயே போயிடுங்க, சாயங்காலத்துக்கு மேல் உள்ளே விட மாட்டாங்க. அங்கே கடலில் இறங்காதீங்க, இழுப்பு அதிகம்.

உங்க வீட்டில் யாராவது போட் மெயிலில் போயிருந்தால், அவங்க இருக்கும்போதே கேட்டு எழுதி வச்சுக்கோங்க. நான் தாத்தாகிட்ட கேட்கலை. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.