கல்கா மகளிர் கோலமும் விண்வெளி அரசியும்

விண்வெளிப் புனைவுத் திரைப்படங்கள் எவரும் கண்டிராத உலகங்களைக் காட்டுகின்றன. ஆயினும் அவ்வுலக மாந்தர் உடுத்தும் ஆடைகளுக்கு மூலம் இம்மண்ணிலேயே கிடைக்கிறது. 1977இல் வெளிவந்த முதல் 'ஸ்டார் வார்ஸ்' படத்திற்கு உடை வடிவமைத்த ஜான் மாலோ, இராணுவச் சீருடைகளின் வரலாற்றில் புலமை மிக்கவர். அப்படத்தின் டார்த் வேடர் அணியும் தலைக்கவசத்தில் ஜப்பானியச் சாமுராயின் கவசத்தையும் ஜெர்மானியப் படைவீரரின் எஃகுத் தொப்பியையும் ஒருங்கே காணலாம். இவை பலரும் எழுதியவை. ஈண்டு நாம் ஆராய முற்படுவது ஒரே ஓர் ஆடையை.

1999இல் வெளிவந்த 'தி ஃபாண்டம் மெனஸ்' படத்தில், பதினான்கு வயது அரசியான அமிடாலா விண்வெளிப் பேரவையின்முன் தன் மக்களுக்காக வாதாடுகிறாள். அப்போது அவள் அணிந்திருக்கும் செந்நிற ஆடை, உயர்ந்த தோள்கள், இருபுறமும் வளைந்து விரியும் கூந்தல் ஆகியவற்றின் மூலம் மங்கோலியாவின் கல்கா இனத்து மகளிர் கோலமே. ஓவியர் இயன் மெக்கெய்க் வரைந்த வடிவங்களை உடை வடிவமைப்பாளர் டிரிஷா பிகர் ஆடைகளாக்கினார். தையல் நேர்த்தியில் குறை காண்பதற்கில்லை.

கல்கா மகளிரிடையே இக்கோலம் வெறும் அழகுக்குரியதன்று. கூந்தலை நடுவகிடெடுத்து இருபுறமும் விரித்து, கொழுப்புப் பூசி விறைக்கச் செய்து, பட்டைகளால் இறுக்குவர். நுனிகளைப் பின்னி உறைகளில் இடுவர். உச்சியில் பவளமும் நீலப்பச்சைக் கல்லும் பதித்த வெள்ளிக் கவிப்பு அமையும். 'தேல்' எனப்படும் நீண்ட அங்கியின் மேல் கையில்லாத மற்றோர் அங்கியை அணிவர். இவையனைத்தும் மணமான பெண்ணுக்கே உரியவை. அவள் இல்லறத்தாள் என்பதையும் அவள் குடும்பத்தின் செல்வநிலையையும் காண்பவர் உடனே அறிந்துகொள்வர். கூந்தலின் வடிவைப் பசுவின் கொம்பென்பாரும் உளர். கருடனின் சிறகென்பாரும் உளர். கருடன் பௌத்தத்தின் வழி மங்கோலியா வரை சென்று குடியேறியது இந்தியவியல் பயில்வோர்க்குச் சுவையான செய்தி.

திரைப்படத்தில் இப்பொருள் தலைகீழாகிறது. அமிடாலா மணமாகாதவள். மேலும், அப்படத்தின் கதையே அரசியின் கோலத்தைத் தோழியொருத்தி அணிந்து அரசியாக நடிப்பதைச் சார்ந்துள்ளது. கனத்த ஆடையும் வெண்பூச்சும் முகத்தை மறைப்பதால் அந்த ஆள்மாறாட்டம் இயல்கிறது. கல்கா நிலத்தில் ஒரு பெண் யாரென்று அறிவித்த கோலம், திரையில் அவள் யாரென்பதை மறைக்கும் மரபுக்குள் வந்துவிடுகிறது. ஆடையை எடுத்துக்கொள்வது ஒன்று. அதன் சொல்லை அழிப்பது வேறு. நம் நோக்கில் பின்னதே ஆராய்ச்சிக்குரியது.

இவ்வாறு பொருளின்றி எடுத்துக்கொள்ள எங்ஙனம் இயன்றது? 1921ஆம் ஆண்டுப் புரட்சியையும் 1924இல் மக்கள் குடியரசு நிறுவப்பட்டதையும் அடுத்து, இக்கோலம் பழைய ஒழுங்கின் அடையாளமாகக் கருதப்பட்டு வழக்கொழிந்தது. அருங்காட்சியகத்திலும் நிழற்படங்களிலும் மட்டுமே அது எஞ்சியது. 1913இல் பிரெஞ்சு நிழற்படக் கலைஞர் ஸ்டெஃபான் பாசே அந்நாட்டில் எடுத்த வண்ணப்படங்கள் அவற்றுள் தலையாயவை. அணிந்தோர் மறைய, படங்கள் நின்றன. பார்ப்பவருக்கு விளக்கம் கூறுவார் இல்லை.

மங்கோலியாவின் கடைசி அரசி கெனென்பில்லைப் பார்த்தே அமிடாலாவின் ஆடை உருவாக்கப்பட்டது என்னும் கூற்று பரவலாக உள்ளது. அதனை நாம் ஏற்பதற்கில்லை. அரசர் போக்த் கானின் துணைவியாக அவர் இருந்தது மிகக் குறுகிய காலமே. அரசர் 1924இல் மறைந்தார். இக்கோலமோ அரசிக்கு மட்டும் உரியதன்று. வசதி படைத்த கல்கா இல்லத்தரசியர் பலரும் அணிந்ததே. எனினும் கெனென்பில்லின் முடிவை மறத்தலாகாது. 1930களின் அடக்குமுறையில் கைதாகி, 1938இல் அவர் கொல்லப்பட்டார். அவர் வாழ்வை ஒரு திரைப்பட ஆடையின் துணைக்கதையாக்குவது பொருந்தாது.

1990க்குப் பின் மங்கோலியர் இக்கோலத்தை விழாக்களில் மீண்டும் அணியத் தொடங்கினர். ஆயின் வெளியுலகினர் அதனைக் காணும் முறை மாறிவிட்டது. 1913ஆம் ஆண்டுப் படமொன்றை நாம் வகுப்பில் காட்டியபோது, மாணவர் பலர் ஒரே குரலில் "அமிடாலா" என்றனர். இப்பெண் மணமானவளா என்று கேட்டோம். விடை வரவில்லை.