ஒரு பல்பு, ஒரு படம்

1940களில் நியூயார்க்கின் 52ஆம் தெருவில் ஜாஸ் கிளப்புகள் தோளோடு தோள் உரசி நின்றன. ஓனிக்ஸ், த்ரீ டியூசஸ், ஃபேமஸ் டோர், டவுன்பீட். பழைய வீடுகளின் கீழ்த்தளங்களையே கிளப்பாக்கியிருந்தார்கள். தாழ்ந்த கூரை, சிகரெட் புகை, மேடைக்கு மட்டும் கொஞ்சம் வெளிச்சம். இந்த இருட்டில் நின்று எடுத்த படங்கள்தான் ஜாஸ் எப்படி இருந்தது என்பதை இன்றுவரை நமக்குக் காட்டுகின்றன.

அவற்றில் பலவற்றை எடுத்த வில்லியம் காட்லீப் அடிப்படையில் எழுத்தாளர். 1938இல் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில் ஜாஸ் பற்றி வாரந்தோறும் எழுதத் தொடங்கினார். பத்திக்குப் படம் வேண்டும். புகைப்படக்காரருக்குக் காசு கொடுக்க நாளிதழ் தயாராக இல்லை. எனவே கேமராவையும் அவரே தூக்கினார்.

அது ஸ்பீட் கிராஃபிக். ஃபிலிம் தகட்டை ஒவ்வொன்றாகச் செருக வேண்டிய கனத்த பெட்டி. ஒரு படம் எடுத்ததும் எரிந்துபோன பிளாஷ் பல்பைக் கழற்றிப் புதியதை மாட்ட வேண்டும், ஃபிலிம் செருகியைத் திருப்பிப் போட வேண்டும், ஷட்டரை மறுபடி முறுக்க வேண்டும். அதற்குள் பாட்டு எங்கோ போயிருக்கும். பல்புக்கும் ஃபிலிமுக்கும் கைக்காசு கரைந்ததால் ஓர் இரவில் மூன்று நான்கு படங்களுக்கு மேல் அவர் எடுப்பதில்லை.

அந்தத் தட்டுப்பாடு அவருக்குக் காதைத் தீட்டிக் கொடுத்தது. பாடகி எந்த வரியில் கண்ணை மூடுவார், ட்ரம்பெட்காரர் எந்த இடத்தில் உச்சத்துக்குப் போவார் என்று இசையைக் கேட்டுத் தெரிந்தவரால்தான் ஒரே பல்பை நம்பிக் காத்திருக்க முடியும். 1947இல் டவுன்பீட் கிளப்பில் பில்லி ஹாலிடேயை அவர் எடுத்த படத்தைப் பாருங்கள்: தலை சற்றே நிமிர்ந்திருக்கிறது, வாய் திறந்திருக்கிறது, கழுத்தின் தசை இழுபட்டிருக்கிறது. நொடி தப்பியிருந்தால் அது வெறும் அழகான முகம். இப்போது அதில் குரல் இருக்கிறது.

ஹெர்மன் லெனர்ட் வந்தது வேறு வழியில். கனடாவில் யூசுஃப் கார்ஷ் என்ற பெரும் உருவப்பட மேதையிடம் ஓராண்டு உதவியாளராக இருந்து வெளிச்சத்தைக் கற்றவர். 1948இல் நியூயார்க்கில் ஸ்டுடியோ திறந்தார். கிளப் முதலாளிகளுக்குப் படம் கொடுப்பார். பதிலுக்கு உள்ளே போய் இசை கேட்பார். பிளாஷைக் கேமராவில் பொருத்தி முகத்தில் அடிக்காமல், மேடை விளக்கின் பக்கத்திலேயே வைத்துப் பின்னாலிருந்து ஒளி வரச் செய்தார். அதனால் புகை துலங்கியது. 1948இல் ராயல் ரூஸ்ட் கிளப்பில் டெக்ஸ்டர் கார்டன் மடியில் சாக்ஸபோனுடன் உட்கார்ந்திருக்கும் படத்தில், அந்தப் புகையே இன்னொரு கலைஞர் போல எழுந்து நிற்கிறது.

படத்தை வெட்டிச் செதுக்கும் வேலையும் அப்போதே கலையாகிவிட்டது. பெர்லினிலிருந்து தப்பி வந்த ஃபிரான்சிஸ் வோல்ஃப், ப்ளூ நோட் நிறுவனத்தின் ஒலிப்பதிவுகளைப் படமெடுத்தார். 1950களின் நடுவில் அங்கே வந்த வடிவமைப்பாளர் ரீட் மைல்ஸ் அந்தப் படங்களை இசைத்தட்டு உறைக்காக ஈவிரக்கமின்றி வெட்டினார். நெற்றி போகும், சில உறைகளில் படம் தபால்தலை அளவுக்குச் சுருங்கும். வோல்ஃபுக்கு அது பிடிக்கவில்லை. மைல்ஸுக்கோ ஜாஸில் பெரிய நாட்டமே கிடையாது. அவர் கேட்டது மேற்கத்தியச் செவ்வியல் இசை. ஆனாலும் அந்த உறைகளில் தாளம் துள்ளுகிறது. எடுப்பவருக்கு இசை தெரிந்திருக்க வேண்டும். வெட்டுபவருக்குக் கட்டாயம் இல்லை போலும்.

2005இல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸில் லெனர்டின் வீட்டை மூழ்கடித்தது. அவர் கையால் அச்சிட்ட ஆயிரக்கணக்கான படங்கள் அழிந்தன. நெகட்டிவ்கள் அருங்காட்சியகம் ஒன்றில் பத்திரமாக இருந்ததால் தப்பின.

காட்லீப் 1948லேயே ஜாஸ் உலகை விட்டு விலகிவிட்டார். அவருடைய 1,600க்கும் மேற்பட்ட படங்களை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1995இல் வாங்கியது. அவர் 2006இல் மறைந்தார். அவர் விரும்பியபடியே, 2010 பிப்ரவரி 16 முதல் அவை பொதுச்சொத்தாயின. நம்மூரில் எழுத்தாளர்களின் நூல்களை நாட்டுடைமை ஆக்குவார்களே, அதுபோல. நூலகம் அவற்றை ஃபிளிக்கர் தளத்திலும் ஏற்றியது. கைக்காசில் வாங்கிய ஒற்றைப் பல்பின் வெளிச்சத்தில் பதிந்த பில்லி ஹாலிடேயை இன்று யாரும் அனுமதி கேட்காமல், காசு கொடுக்காமல் தன் கைபேசியில் இறக்கிக்கொள்ளலாம்.