மதராஸ் கட்டத் துணியின் கடல் பயணம்

நீளவாக்கில் ஓடும் பாவு நூலையும் குறுக்கே செல்லும் ஊடை நூலையும் நெய்வதற்கு முன்பே சாயத்தில் தோய்த்து, நிறங்களை மாற்றி மாற்றி அடுக்கித் தறியில் ஏற்றினால், அச்சுக் கட்டையோ தூரிகையோ இல்லாமல் துணியில் கட்டங்கள் தாமாகவே விழும். ஐரோப்பியர் ஜிங்ஹாம் என்று வழங்கும், இருபுறமும் ஒன்றுபோலத் தோன்றும் துணிவகையும், சோழமண்டலக் கரையில் நெய்யப்பட்டு மதராஸ் என்ற ஊர்ப்பெயராலேயே அயல்நாட்டுச் சந்தைகளில் அறியப்பட்ட துணியும் இந்த எளிய முறையில் பிறந்தவையே. ஆயினும் மதராஸ் துணிக்குப் பெருமை சேர்த்தவர்கள் அதை நெய்தவர்களைவிட, கடலுக்கு அப்பால் அதை உடுத்தியவர்களே எனலாம்.

டச்சுக்காரர் 1613இல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையை எழுப்பியதற்கும், ஆங்கிலேயர் 1639இல் மதராஸில் இடம் பெற்றதற்கும் இக்கரையின் பருத்தித் துணியே முதன்மைக் காரணம். ஏறத்தாழ ஒரு கஜச் சதுரமாக அமைந்த கைக்குட்டைத் துணி மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் பெருமளவில் சென்றது. அங்கே அது மனிதர்களை அடிமைகளாக வாங்குவதற்கான பண்டமாற்றுப் பொருளாகவும் பயன்பட்டது என்பதை இத்துணியின் அழகைப் பேசுவோர் பெரும்பாலும் கடந்து சென்றுவிடுகின்றனர். லங்காஷயரும் கிளாஸ்கோவும் 18ஆம் நூற்றாண்டில் இத்தகைய கட்டத் துணிகளைப் போலியாக நெய்து விற்றன. கிளாஸ்கோ நெய்த கைக்குட்டைகளுக்குப் பழவேற்காட்டின் பெயரே சூட்டப்பட்டது. சாயமும் கஞ்சியும் கலந்த மணத்தை முகர்ந்து அசலை அடையாளம் காணும் வழக்கம் ஆப்பிரிக்க வாடிக்கையாளரிடம் இருந்தமையால், கண்ணை ஏமாற்றிய போலி மூக்கை ஏமாற்றுவது கடினமாயிற்று.

நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் வாழும் கலாபாரி மக்கள் இத்துணியை இன்ஜிரி என்று அழைத்துத் தலைமுறை தலைமுறையாகப் பெட்டிகளில் காத்து, வாழ்க்கைச் சடங்குகளில் பயன்படுத்தினர். இறந்தவருக்காக ஒப்பனை செய்யப்படும் கட்டிலையும் குடும்பத்தின் பழந்துணிகளே அலங்கரிக்கும். அவர்களுடைய பெண்கள் இன்னும் ஒரு படி மேலே சென்று, நெய்து வந்த துணியில் வெளிர்நிற நூல்களைக் கூரிய கத்தியால் ஒவ்வொன்றாக நறுக்கி உருவிவிட்டு, எஞ்சிய நூல்களால் வலைபோன்ற புதுக்கோலத்தை உருவாக்கினர். பெலெத்தே பைட் எனப்படும் இக்கலையில், சோழமண்டல நெசவாளி சேர்த்த நூலைக் கழிப்பதே படைப்பாகிறது. அயலார் துணியைத் தம்முடையதாக்கிக்கொள்வதற்கு இதைவிட நுட்பமான வழி அரிது.

கரீபியத் தீவுகளான மார்ட்டினிக், குவாடலூப், செயிண்ட் லூசியா ஆகியவற்றில் இதே கட்டம் பெண்களின் தலைக்கட்டாகவும் மரபுடையின் பகுதியாகவும் நிலைபெற்றது.

அமெரிக்காவில் இத்துணி அடைந்த புகழோ ஒரு குறையிலிருந்து விளைந்தது. 1958இல் மதராஸிலிருந்து தாவரச் சாயமிட்ட கட்டத் துணி பெருமளவில் அங்கே சென்றபோது, அதைக் குளிர்ந்த நீரில் தனியே அலச வேண்டும் என்ற எச்சரிக்கை வாங்குவோரை எட்டாமற்போக, துவைத்ததும் நிறம் கசிந்து வாடிக்கையாளர் வெகுண்டனர் என்பது துணியை அனுப்பிய கிருஷ்ணன் நாயர் தரப்பில் வழங்கும் வரலாறு. நட்ட ஈடு கேட்கும் வழக்காக முடிந்திருக்க வேண்டிய இது விளம்பரமாக மாறியது. சாயம் நிச்சயம் போகும் என்பதையே சிறப்பாகக் கூறி விற்றபோது, ஒவ்வொரு சலவையிலும் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து மாறும் சட்டையை 1960களின் கல்லூரி இளைஞர்கள் விரும்பி அணிந்தனர். பின்னர் கெட்டிச் சாயங்கள் பரவியதால், இன்று மதராஸ் என்ற பெயரில் விற்கப்படும் துணிகளில் பெரும்பாலானவை நிறம் கசிவதில்லை.